உறைபனி இரவுக்கு எந்தப் பை? வெஸ்டர்ன் மவுன்டனியரிங் அல்ட்ராலைட்: ஒரு நேரடி விமர்சனம்

குளிர்கால மலைப்பயணத்துக்குத் தயாராகிறவர்கள் எந்தப் பொருளுக்கு அதிகம் செலவழிக்கலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் ஸ்லீப்பிங் பேக்கைத்தான் சொல்வேன். கூடாரம் கனமாக இருந்தால் தோள் வலிக்கும். அடுப்பு மந்தமாக இருந்தால் காபிக்குக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். நள்ளிரவு தாண்டி, ஆள் அரவமில்லாத ஓர் ஏரிக்கரையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது பை போதவில்லை என்றால், விடியும்வரை நடுங்கிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். தூக்கம் கெட்டால் மறுநாள் நடை கெடும். நடுக்கம் முற்றினால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு முக்கியமான பொருளைப் பலரும் லேபிளில் பெரிதாக அச்சிட்ட டிகிரியை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நல்ல பையை மூன்று கேள்விகளால் அடையாளம் காணலாம். உள்ளே எத்தனை கிராம் தூவி இருக்கிறது? அதை எப்படித் தைத்து வைத்திருக்கிறார்கள்? உங்கள் உடம்பின் சுற்றளவுக்கு அந்தப் பை பொருந்துகிறதா? இந்த மூன்றையும் ஒரு பையை முன்னால் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

எடுத்துக்கொண்டிருப்பது வெஸ்டர்ன் மவுன்டனியரிங் நிறுவனத்தின் அல்ட்ராலைட். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில்தான் இந்த நிறுவனம் இருக்கிறது. பைகளையும் அங்கேயே தைக்கிறார்கள். சியரா நெவாடா மலைகளில், செப்டம்பர் கடைசியிலிருந்து பெரும்பனி விழுந்து வழிகள் மூடும்வரை, நான் நம்பிப் படுக்கும் பை இது.

ஒரு பார்வையில் (6 அடி நீள அளவு):

நிறுவனம் குறிக்கும் வெப்பநிலை: 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ மைனஸ் 7 செல்சியஸ்
மொத்த எடை: 29 அவுன்ஸ் (சுமார் 820 கிராம்)
உள்ளே உள்ள தூவி: 16 அவுன்ஸ் (சுமார் 450 கிராம்), 850க்கு மேற்பட்ட ஃபில் பவர்
உப்பி நிற்கும் உயரம்: 5 அங்குலம்
சுற்றளவு: தோளில் 59 அங்குலம், இடுப்பில் 51, காலடியில் 38
விலை: 600 டாலருக்கு மேல்

தூவி என்ன செய்கிறது?

வாத்தின் மார்பில், வெளியே தெரியும் இறகுகளுக்கு அடியில், தண்டில்லாத மென்மயிர் கொத்துக் கொத்தாக இருக்கும். அதுதான் தூவி. நெடுநல்வாடையில் அரசியின் படுக்கையில் இருப்பதும் அன்னத்தின் தூவிதான். குளிருக்கு இதைவிட இலேசான காப்பு இல்லை என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமல்ல. 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்பவர் பலூன் துணியில் ஈடர் வாத்தின் தூவியை நிரப்பித் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் சிரித்த சகாக்கள், மேலே குளிர் ஏற ஏறப் பொறாமைப்பட்டார்கள்.

பழைய பை ஒன்றின் தையல் வழியாக வெளியே எட்டிப் பார்த்த ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. அதிலிருந்து எல்லாத் திசையிலும் இழைகள் கிளம்புகின்றன. ஒவ்வோர் இழையிலும் அதைவிட நுண்ணிய மயிர்கள். கையில் எடையே தெரியாது. விரலால் அழுத்தினால் இருக்கும் இடம் தெரியாமல் ஒடுங்கிவிடும். விரலை எடுத்த சில நொடிகளில் பழைய பருமனுக்கு விரிந்துவிடும். பக்கத்தில் மூச்சு விட்டால் பறந்துவிடும். முதுகுப்பையின் அடியில் நாள் முழுக்க நசுங்கிக் கிடந்துவிட்டு மாலையில் மீண்டும் எழும் குணம் இந்த அமைப்பிலிருந்துதான் வருகிறது.

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு எதையும் உண்டாக்குவதில்லை. தூங்கும் மனித உடல் ஏறத்தாழ 70, 80 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது, அடுப்பு நாம்தான். தூவி இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று அந்த வெப்பம் வெளியே ஓடாமல் தடுக்கிறது. காற்று எவ்வளவு தடிமனாக, எவ்வளவு அசையாமல் நிற்கிறதோ அவ்வளவு கதகதப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எண்கள் எல்லாம் தானாகப் புரியும்.

850 என்ற எண்ணும் அதன் எல்லையும்

ஃபில் பவர் என்பது ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், உப்பி நிற்கும்போது எத்தனை கன அங்குலத்தை அடைக்கிறது என்ற அளவு. 850 தூவி என்றால் ஓர் அவுன்ஸ் 850 கன அங்குலத்தை நிரப்பும். அல்ட்ராலைட்டில் 16 அவுன்ஸ் இருப்பதால் கணக்குப்படி 13,600 கன அங்குலம். லிட்டரில் சொன்னால் 220க்கு மேல். விலை கொடுத்து வாங்குவது இந்த 220 லிட்டர் அசையாக் காற்றைத்தான்.

பலர் இந்த எண்ணைத் தரத்தின் ஒரே முத்திரையாக எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 13,600 கன அங்குலத்தை 650 தூவியால் நிரப்ப வேண்டுமென்றால் சுமார் 21 அவுன்ஸ் தேவை. கூடுதல் எடை 5 அவுன்ஸ், அதாவது 140 கிராம். கதகதப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. எடையிலும், சுருட்டி வைத்தால் அடைக்கும் இடத்திலும்தான் வித்தியாசம். 650 தூவி 600 கிராம் உள்ள பை சுமார் 13,750 கன அங்குலம் உப்பும். 850 தூவி வெறும் 300 கிராம் உள்ள பை 9,000 கன அங்குலத்தோடு நின்றுவிடும். குளிரில் முதல் பையில்தான் தூக்கம் வரும்.

ஆகவே ஃபில் பவரை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டுத் தூவியின் எடையைச் சொல்லாத பை எதுவாக இருந்தாலும் விற்பவரிடம் கிராம் கணக்கைக் கேளுங்கள். பையின் மொத்த எடையைச் சொன்னால் போதாது, தூவியின் எடை தனியாகத் தெரிய வேண்டும். அல்ட்ராலைட்டில் மொத்த எடையில் பாதிக்கு மேல் தூவி. துணி, ஜிப், நாடா எல்லாம் சேர்த்தே மீதி. நல்ல பையின் இலக்கணம் இது.

90/10 என்பது போன்ற இன்னோர் எண்ணும் சில லேபிள்களில் இருக்கும். தூவிக் கொத்து 90 பங்கு, சிறு இறகு 10 பங்கு என்று பொருள். இறகின் பங்கு கூடினால் பை கனக்கும், உப்பாது, நாளடைவில் தண்டுகள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

லேபிளில் உள்ள டிகிரியை எப்படிப் படிப்பது?

ஐரோப்பாவில் முன்பு இஎன் 13537 என்றும், இப்போது ஐஎஸ்ஓ 23537 என்றும் ஒரு தரநிலை இருக்கிறது. உள்ளே சூடேற்றும் வசதியுள்ள ஒரு மனித உருவ பொம்மைக்கு மெல்லிய உள்ளாடை போட்டு, பாய் மேல் விரித்த பைக்குள் படுக்கவைத்து, குளிர் அறையில் அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வருகின்றன. கம்ஃபர்ட் என்பது ஒரு பெண் உடலைத் தளர்த்திப் படுத்து வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஓர் ஆண் உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்து எட்டு மணிநேரம் குளிரால் விழிக்காமல் தூங்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் எல்லை. அந்த வெப்பநிலையில் உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. மூன்றாவது எண்ணைப் பார்த்து யாரும் பை வாங்கக் கூடாது.

பெரும்பாலும் முன்னால் பெரிதாக இருப்பது லிமிட் எண். ஆணோ பெண்ணோ, நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட். போகும் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த இரவு வெப்பநிலையிலிருந்து இன்னும் ஐந்து டிகிரி செல்சியஸ் கீழே கம்ஃபர்ட் இருக்கும் பையை எடுத்தால் நிம்மதி. களைத்துப்போன உடல், பசி, மலை உயரம், போதாத தண்ணீர் என்று பொம்மைக்கு இல்லாத பல காரணங்கள் நமக்கு உண்டு.

அல்ட்ராலைட்டின் 20 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது நிறுவனம் தானே குறிக்கும் எண். தடித்த பாயும் கம்பளி உள்ளாடையும் காலுறையும் இருந்தால், மைனஸ் 4, 5 செல்சியஸ் வரை இதற்குள் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அதற்குக் கீழே தூவி ஜாக்கெட்டையும் போட்டுக்கொள்கிறேன். அப்போது மைனஸ் 7 எட்டிப்பிடிக்கக்கூடிய எண்தான். எளிதில் குளிர் பிடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் இந்தப் பையைப் பூஜ்யத்தை ஒட்டிய இரவுகளுக்கான பை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதுகுக்கு அடியில் தூவி நசுங்கிவிடுவதால் தரைக் குளிருக்கு எதிராகப் பை அநேகமாக ஒன்றும் செய்யாது. அந்த வேலை பாயினுடையது. பாய்களின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் எண்களும் கூடும். தெர்ம்-எ-ரெஸ்ட் இசட் லைட் சோல் என்ற மடக்கு ஃபோம் பாயின் மதிப்பு 2. அதே நிறுவனத்தின் காற்றடைக்கும் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டியின் மதிப்பு 4.5. இரண்டையும் அடுக்கினால் 6.5, பனித்தரைக்கே போதும். விலையுயர்ந்த பையை வாங்கிவிட்டு மலிவான மெல்லிய பாயில் விரிப்பது பணத்தை வீணாக்குவதற்குச் சமம்.

தையலில்தான் தரம்

மலிவான பைகளில் வெளித்துணியையும் உள்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தையல் ஓடும் கோட்டில் தூவியே இருக்காது. அந்தக் கோடு வழியே சூடு போய்க்கொண்டே இருக்கும். கோடைப் பைக்கு அது பரவாயில்லை. குளிர்காலப் பையில் இரண்டு துணிகளுக்கும் நடுவே மெல்லிய வலைத்துணியால் சுவர் எழுப்பி, பெட்டி பெட்டியாக அறை அமைத்திருக்க வேண்டும். அல்ட்ராலைட் அந்த வகை. வெளியிலிருந்து தையல் கோட்டை விரல்களால் இரண்டு பக்கமும் பிடித்துப் பிரித்துப் பார்த்தால், மேல்துணியும் உள்துணியும் தனித்தனியாக நகர்வது தெரியும்.

இதன் அறைகள் பக்கவாட்டில் அடைப்பில்லாமல் பையைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடுகின்றன. கடுங்குளிர் இரவில் அடிப்பக்கம் இருக்கும் தூவியைத் தட்டித் தட்டி மேல்பக்கம் கொண்டுவந்துவிடலாம். அங்கேதான் அது வேலை செய்யும். கொஞ்சம் வெம்மையான இரவில் மாறாக அடிக்குத் தள்ளிவிடலாம். ஒரே பையை இரண்டு பருவத்துக்கும் பயன்படுத்த இது பெரிய வசதி. இதில் ஒரு கடமையும் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் படுப்பதற்கு முன் பையைத் தடவிப் பார்த்து, மேல்பக்கம் எங்காவது மெலிந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு அடைப்புள்ள அறைகளே நல்லது.

இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கழுத்துப்பட்டை. தோளுக்கு மேலே, உட்பக்கமாக, தூவி நிரப்பிய ஒரு தடித்த வளையம். தூக்கத்தில் புரளும்போது உடல் பையை அமுக்கும். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று கழுத்து வழியே வெளியேறி, அதன் இடத்தில் குளிர்காற்று புகும். கழுத்துப்பட்டை இல்லாத பையில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மார்பின் மேல் ஒரு சில்லிப்பு ஓடுவது இதனால்தான். இதில் நாடாவை இழுத்ததும் வளையம் கழுத்தைச் சுற்றி மெத்தென்று படிந்துகொள்கிறது. இறுக்கினாலும் உறுத்துவதில்லை. அதற்கு மேலே முக்காட்டின் நாடாவை இழுத்தால் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும் வட்டம் மிஞ்சும்.

ஜிப் முழு நீளம். அதன் உட்பக்கமாகத் தூவி நிரப்பிய நீண்ட குழல் ஒன்று ஜிப்பின் பற்கள் வழியே வரும் குளிரைத் தடுக்கிறது. ஓரத்தில் சற்று விறைப்பான பட்டை வைத்துத் தைத்திருப்பதால் மெல்லிய துணி ஜிப்பில் மாட்டுவது வெகுவாகக் குறைகிறது. கையுறையோடு, இருட்டில், ஒரு கையால் திறந்து மூட முடிகிறதா என்பதுதான் ஜிப்புக்கான உண்மையான சோதனை. இது தேறுகிறது.

ஏரிக்கரையில் ஓர் இரவு

சியரா நெவாடாவில் டெசோலேஷன் வில்டர்னஸ் என்ற காப்புப் பகுதி இருக்கிறது. அதன் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேல், வெறும் கருங்கல் கிண்ணத்தில் தேங்கிய அலோஹா ஏரி. அக்டோபரில் பகல் வெயில் இதமாக இருக்கும். சூரியன் மறைந்ததும் பாறைச் சரிவுகளிலிருந்து குளிர்காற்று வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். இந்தப் பகுதியில் கேம்ப்ஃபயர் மூட்டத் தடை இருப்பதால் குளிர்காய நெருப்பும் கிடையாது. பையின் தரத்தைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

கூடாரம் அடித்ததும் நான் செய்யும் முதல் வேலை, பையை உறையிலிருந்து எடுத்து உதறி விரித்துவிடுவது. நசுங்கிய தூவி முழுமையாக எழ அரை மணிநேரம் கொடுக்க வேண்டும். சமையல் முடிந்து திரும்பும்போது அது கூடாரத்துக்குள் உப்பிக் கிடக்கும். சின்ன ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுப்பகுதியில் 5 அங்குலம் வருகிறது. பழகிய பையிலும் இப்படி வருவது தூவியின் தரத்துக்குச் சாட்சி. உப்பல் ஓர் அங்குலம் குறைந்தால் பை அழுக்கேறியிருக்கிறது அல்லது ஈரம் வாங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

இடத் தேர்வுக்கும் பைக்கும் சம்பந்தம் உண்டு. தண்ணீரை ஒட்டிய தாழ்வில் படுத்தால் குளிரும் ஈரமும் கூடுதல். முப்பது, நாற்பது அடி மேலே ஏறி, ஏரியிலிருந்து தள்ளி ஒரு மேட்டில் கூடாரம் அடித்தால் இரண்டுமே குறையும். அப்படியிருந்தும் காலையில் கூடாரத்தின் உட்புறத்தில் உறைபனி பொடியாகப் படிந்திருக்கும். பையின் கால்பகுதி கூடாரச் சுவரில் உரசினால் அந்தப் பனி உருகி வெளித்துணியை நனைக்கும். 6 அடி அளவுப் பை நீளமான மனிதருக்கு ஒற்றையாள் கூடாரத்தில் சுவரைத் தொடும். மழைக்கோட்டைக் கால்மாட்டில் போர்த்திவிட்டால் பை தப்பும்.

படுக்குமுன் நெய்யோ வெண்ணெயோ கடலையோ சேர்ந்த உணவு கொஞ்சம் சாப்பிடுங்கள். அடுப்பு நாம்தான் என்றேன், விறகு வேண்டும். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைக் காலடியில் வையுங்கள். குளிருகிறதே என்று முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள்; மூச்சின் ஈரம் முழுக்கத் தூவிக்குள் போகும். மூக்கு வெளியே இருக்கட்டும், தலைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரம் என்ற எதிரி

தூவியின் பெரிய பலவீனம் ஈரம். நனைந்த தூவி கொத்துக் கொத்தாகத் திரண்டுவிடும், காற்றைப் பிடித்துவைக்கும் திறன் போய்விடும். அல்ட்ராலைட்டின் வெளித்துணி மிக மெல்லியது; பனித்துளியையும் சிறு தெறிப்பையும் தாங்கும், மழையைத் தாங்காது. நீரை விரட்டும் பூச்சு கொடுத்த தூவிகள் இப்போது சந்தையில் உண்டு. அவை நனையும் வேகத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுத்துவிடாது. முதுகுப்பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு அதற்குள் பையை வைப்பதே உறுதியான பாதுகாப்பு.

உடலிலிருந்தும் இரவு முழுக்க ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது போல, காலையில் வெயில் ஏறியதும் பையைப் பாறை மேல் விரித்து, உள்ளும் புறமும் கொஞ்ச நேரம் காயவிட வேண்டும். வெயிலே இல்லாத பல நாள் பயணத்தில், கடுங்குளிரில், இந்த ஈரம் சேர்ந்து சேர்ந்து பையின் உப்பலைக் குறைக்கும். மழையும் ஈரமும் தொடரும் இடங்களுக்குச் செயற்கை இழைப் பையே பொருத்தம். கனமாக இருந்தாலும் நனைந்த பிறகும் ஓரளவு சூடு காக்கும்.

வீட்டில் பையை அதன் சின்ன உறையில் அடைத்து வைக்கவே கூடாது. பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள், அல்லது அலமாரியில் தொங்கவிடுங்கள். அழுக்கும் எண்ணெய்ப்பசையும் ஏறி உப்பல் குறைந்தால், தூவிக்கென்றே விற்கும் சோப்புத் திரவத்தில், முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் மென்மையான ஓட்டத்தில் துவைக்கலாம். காயவைப்பதில்தான் கவனம் வேண்டும். குறைந்த சூட்டில், டிரையரில் டென்னிஸ் பந்துகள் சிலவற்றைப் போட்டு, உள்ளே ஒரு கட்டிகூட இல்லை என்று விரலால் தடவி உறுதி செய்யும்வரை ஓடவிட வேண்டும். பல மணிநேரம் ஆகும். இப்படிப் பேணினால் நல்ல தூவிப் பை பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கும். விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது?

முதல் காரணம் சுற்றளவு. தோளில் 59 அங்குலம் என்பது ஒல்லியான, நடுத்தர உடல்வாகுக்குச் சரி. பரந்த தோளும் பருத்த உடலும் உள்ளவர் உள்ளே படுத்தால் பையின் சுவரை உடலே அமுக்கும். தூவி நசுங்கும், சூடு குறையும். ரொம்ப அகலமாக இருந்தாலும் பிரச்சினைதான். வெற்றிடத்தையும் உங்கள் உடலே சூடாக்க வேண்டியிருக்கும். அகலம் வேண்டுகிறவர்களுக்கு இதே நிறுவனத்தின் ஆல்பின்லைட் இருக்கிறது: வெப்பநிலை அதே 20 டிகிரி, தோளில் 64 அங்குலம், எடை சில அவுன்ஸ்தான் கூடுதல். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படுப்பவர்களுக்கும் அதுவே சௌகரியம். இன்னும் குளிரான இடத்துக்கு 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 12 செல்சியஸ், குறிக்கப்பட்ட வெர்சாலைட்.

இரண்டாவது காரணம் விலை. எடையில் சமரசம் செய்ய முடியுமென்றால் பாதி விலையில் நல்ல பைகள் கிடைக்கும். 650 அல்லது 700 தூவி, பெட்டி அறை, கழுத்துப்பட்டை, ஐஎஸ்ஓ எண் ஆகிய நான்கும் உள்ள பை எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் தைரியமாக வாங்கலாம். ஐஎஸ்ஓ எண்ணோடு 850 தூவியும் வேண்டும், விலையும் கொஞ்சம் குறைய வேண்டும் என்பவர்கள் ஆர்இஐ நிறுவனத்தின் மேக்மா 15ஐப் பார்க்கலாம். அல்ட்ராலைட்டுக்கு நேர்ப் போட்டி சியாட்டிலில் இருக்கும் ஃபெதர்டு ஃப்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்வாலோ. தூவி 900க்கு மேல், தையலும் அதே தரம். இரண்டில் எது என்பதை உங்கள் தோள் அளவு முடிவு செய்யட்டும்.

முதுகுப்பக்கத் துணியையே நீக்கிவிட்டுப் போர்வை போல வரும் க்வில்ட் வகைகள் எடை குறைந்தவை. கோடைக்கு நல்லவை. பூஜ்யத்துக்குக் கீழே, இரவில் புரண்டு படுப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி போதும், குளிர் உள்ளே வந்துவிடும்.

தூவி ஒரு பறவையிலிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. உயிரோடு இருக்கும் வாத்திலிருந்து பிய்த்தெடுப்பதையும், வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் தடுக்க 2014 முதல் ரெஸ்பான்ஸிபிள் டவுன் ஸ்டாண்டர்ட் என்ற சான்றிதழ் இருக்கிறது. எந்தப் பையானாலும் தூவி எங்கிருந்து வருகிறது, சான்று உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் கூடினால் நிறுவனங்களும் கவனமாக இருக்கும்.

கடையில் செய்து பாருங்கள்

பையை விரித்து அரை மணிநேரம் விட்டு உயரத்தைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் தூவி இல்லாத வெற்றிடங்கள் தெரியும். கையால் பிசைந்து, குத்தும் தண்டுகள் உண்டா என்று பாருங்கள். தையல் கோட்டில் இரண்டு துணியும் பிரிகிறதா என்று சோதியுங்கள். பிறகு கூச்சப்படாமல் உள்ளே படுத்து, ஜிப்பை மூடி, முக்காட்டை இழுத்து, பக்கவாட்டில் திரும்புங்கள். முழங்காலும் தோளும் சுவரை அமுக்கக் கூடாது. கால்விரல் நுனியில் அழுத்தம் படக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து இமயமலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். 12,000 அடிக்கு மேல் உள்ள கேதார்காந்தா போன்ற பனிக்காலப் பயணங்களில் முகாம்களிலேயே பை கொடுப்பதுண்டு. அப்படிக் கொடுத்தால் அதன் உப்பலைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தமாக ஓர் உள்ளுறையை எடுத்துப் போங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவருக்கு வாடகைப் பையே போதும். லடாக்கின் சாதர் போன்ற உறைநதிப் பயணத்துக்கு அல்ட்ராலைட் ஈடுகொடுக்காது; அங்கே மைனஸ் 20ஐத் தாண்டும் இரவுகளுக்கென்றே செய்த பை வேண்டும்.

தீர்ப்பு

நடுத்தர உடல்வாகு, ஆண்டில் பலமுறை மலையில் தங்கும் பழக்கம், இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்கும் மைனஸ் 5 செல்சியஸுக்கும் இடையே இருக்கும் இடங்கள்: இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தினால் அல்ட்ராலைட் கொடுத்த காசுக்குத் தகும். 820 கிராமில் இவ்வளவு கதகதப்பும் இவ்வளவு நேர்த்தியான தையலும் அரிது. தோள் அகலமானவர்கள் ஆல்பின்லைட்டை எடுங்கள். எப்போதாவது போகிறவர்கள் எடையை விட்டுக்கொடுத்து, தூவியின் கிராமை விட்டுக்கொடுக்காமல், மலிவான பையைத் தேடுங்கள். பட்ஜெட் எதுவானாலும் பைக்கும் பாய்க்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். வாங்கிய பையை முதன்முறை வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ குளிரான ஓர் இரவில் படுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.